சங்ககிரிக் கோட்டையில் ஒரு 'வாரேன்'

வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இந்தப் பக்கத்தில் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு, ஊர்களைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியது அதிகமில்லை. தாரமங்கலத்துக் கல்தூண்களைப் பற்றியும் நாமக்கல் மலைக்கோட்டையைப் பற்றியும் நிறைய எழுதிவைத்திருக்கிறார்கள். படித்துக்கொள்ளலாம். எழுதிவைக்காதவை வேறு. வெயில் நேரத்தில் திருச்செங்கோட்டு மலைக்கோயில் கல்தரை சுடும். பயணியைத் தடித்த காலுறை கொண்டுவரச் சொல்லுங்கள். மேட்டூரில் மீன் கேட்டால் சட்டியிலிருந்து அப்போது எடுத்ததை வாங்கிக் கொடுங்கள், தட்டில் அடுக்கிவைத்ததை வேண்டாம். கொல்லிமலை ஏறும் நாளில் காலை உணவு அரை வயிறு போதும். குரங்குகள் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பையைத் திறக்கக் கூடாது. பங்குனி, சித்திரையில் வெயில் ஏறுவதற்குள் எந்த மலையிலிருந்தும் இறங்கிவிட வேண்டும். இதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும்.

பழகாத ஒன்று உண்டு. நாம் பேசுவது நம் காதில் விழுவதில்லை. அதனால் ஒரு பெண்மணியின் உயிர் போகப் பார்த்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனியில், ஸ்காட்லாந்திலிருந்து வந்த கணவன் மனைவியைச் சங்ககிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். கணவர் பீட்டர் பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய சுவரைக் கண்டால் தட்டிப் பார்ப்பார். மனைவி ஹெலன் பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்தவர். இருவரும் எழுபதை நெருங்கியவர்கள். ஹெலனுக்கு இரத்த அழுத்தம் இருந்தது. அதற்கு அவர் சாப்பிட்ட மாத்திரை உடம்பிலிருக்கும் நீரை வெளியேற்றும் வகை. முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்களும் கேளுங்கள். தனிப்பட்ட விஷயம் என்று ஒதுங்கினால், வெயில் நடுவில்தான் தெரியவரும்.

ஹெலன் ஊரிலிருந்து கிளம்புமுன்பே இணையத்தில் தமிழ் படித்திருந்தார். தெரிந்த சொற்கள் குறைவு. உச்சரிப்பு மட்டும் அச்சு அசல். இசைக்குப் பழகிய காது. எங்கள் கார் ஓட்டுநர் ராசு திருச்செங்கோட்டுக்காரர். அவர் பேசுவதைக் கேட்டு அதே ராகத்தில் திருப்பிச் சொல்வார்.

"ஏனுங்க ராசு, காப்பி குடிச்சீங்களா?" என்று பின் இருக்கையிலிருந்து ஹெலன் கேட்டதும் ராசு வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, கண்ணை மூடிட்டுக் கேட்டா எங்க அத்தை பேசறாப்பலயே இருக்குது. அடுத்தாப்பல எனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சுராம இருக்கோணும்."

அரைகுறையாகத் தமிழ் தெரிந்த பயணி வந்தால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். தமிழே தெரியாதவர் புரியாவிட்டால் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்பார். நன்றாகத் தெரிந்தவருக்குக் கேட்கவே தேவையில்லை. நடுவில் இருப்பவருக்குத்தான் புரிந்துவிட்டதாகத் தோன்றும். உச்சரிப்பும் நன்றாக அமைந்துவிட்டால் எதிரில் நிற்கிறவருக்கும் அப்படியே தோன்றும்.

விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் பாதை வளைந்து வளைந்து போகும். உயரத்தில் இருந்த ஒரு வாசலை நெருங்கும்போது பீட்டர் சரளைக்கல்லில் கால் பிசகி விழுந்தார். கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. ஹெலன் தன் தோள்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கட்டுத்துணி அதில் இருந்தது. அவருடைய தண்ணீர் பாட்டிலும் கைபேசியும் அதே பையில்தான் இருந்தன. நான் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கேமராவை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு படம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். சரி என்று தலையாட்டினேன்.

வலியில் இருப்பவர் மேல்தான் நம் கண் போகும். நடக்க முடிகிறவர் பத்திரமாக இருப்பதாகத் தோன்றும். மலையில் காணாமல் போகிறவர் நடக்க முடிகிறவர்தான். ஒருவருக்கு அடிபட்டால் கூட வந்த எல்லோரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். தண்ணீர் பாட்டில் ஒவ்வொருவர் உடம்போடும் இருக்கட்டும்.

கட்டுப் போட்டு, பீட்டரைத் தாங்கிப் பிடித்து வாசலின் உள்நிழலில் உட்காரவைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். ஹெலன் இல்லை. கூப்பிட்டேன். பாறையில் பட்டு என் குரலே திரும்பி வந்தது.

அந்த இடத்திலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. படிப்பாதை மேலே ஏறிச் சுனைகள் இருக்கும் பக்கம் போனது. இன்னொன்று கிழக்குச் சரிவில் முட்புதருக்குள் நுழையும் ஆட்டுத்தடம். இரண்டிலும் கொஞ்ச தூரம் போய்க் கூப்பிட்டேன். பதில் இல்லை. வெயில் அதற்குள் ஏறிவிட்டது. கைப்பிடிச் சுவரில் கை வைக்க முடியவில்லை.

அடிவாரத்தில் வண்டியோடு இருந்த ராசுவுக்குக் கைபேசியில் பேசினேன். "இங்க வரலீங்களே அக்கா. எறங்கற எடத்துலதான் நிக்கறேன்" என்றார். ஒருவேளை வேறு தடத்தில் இறங்கி வந்தால் பார்த்துக்கொள்ளும்படியும், அங்கே இருப்பவர்களிடம் விசாரிக்கும்படியும் சொன்னேன். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவைக்கச் சொன்னேன்.

"ஆம்புலன்ஸா? கெடைச்சுருவாங்க அக்கா."

"கிடைச்சா திருப்பி அனுப்பிக்கலாம் ராசு. முதல்ல சொல்லு."

இந்த ஒன்றில் தயங்காதீர்கள். உதவியை அழைத்துவிட்டு வேண்டாமென்று சொல்வதில் கொஞ்சம் வெட்கப்பட நேரலாம், அவ்வளவுதான்.

அப்போது மேலிருந்து இருவர் இறங்கி வந்தார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவர்கள். வடக்கே எங்கோ வேலை முடித்து விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள். ஒருவர் பெயர் சேகர். பீட்டரைப் பார்த்ததும் சேகர் இந்தியில் ஏதோ விசாரித்தார். பீட்டர் விழித்தார்.

"டேய், அவருக்கு எதுக்குடா இந்தி?" என்றார் கூட வந்தவர்.

"நம்மூர் பேச்சு தெரியாதவங்க கிட்ட இந்திதான வருது, பழக்கம்" என்றார் சேகர்.

மேலே ஒரு வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தாப்பல இருக்குதுங்க. சுனைக்கு அக்கட்ட. வெள்ளைத் தொப்பி."

"பார்த்தீங்களா, பார்த்த மாதிரி இருந்துச்சா?"

சேகர் யோசித்தார். "தொப்பியப் பாத்தேனுங்க. தொப்பிக்குள்ள ஆள் இருந்துதான்னு பாக்கலீங்க."

சுனை என்ற சொல்லும் சேகர் கையைக் காட்டிய திசையும் பீட்டருக்குப் புரிந்துவிட்டன. ஒற்றைக் காலில் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"தண்ணீர்" என்றார் ஆங்கிலத்தில். "அல்லிப்பூ இருக்கிறது என்று நீங்கள்தான் காலையில் சொன்னீர்கள். அவள் விளிம்புக்குப் போய்ப் படம் எடுப்பாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. எல்லோரும் இப்போதே அங்கே போங்கள்."

அவர் சொன்னதில் பிழை காண முடியாது. மனைவியை அறிந்தவர். பார்த்ததாகச் சொல்ல ஒரு சாட்சியும் இருந்தது. படியில் கால் வைத்துவிட்டேன். அப்போதுதான் ராசு மறுபடி கூப்பிட்டார்.

"அக்கா, இங்க ஆடு மேய்க்கறவர் ஒருத்தர் எறங்கி வந்திருக்கறாரு. மாரப்பன்னு பேரு. நம்ம அம்மாவப் பாத்து, பேசிட்டு வந்தாராம். நல்லாத் தமிழ் பேசுச்சுங்கறாரு."

"அவர்கிட்ட கொடு."

கைபேசி கை மாறியது. ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. பிறகு ஓங்கிய குரல், கைபேசியை நம்பாதவர்கள் பேசும் குரல்.

"சொல்லுங்க அம்முணி!"

"ஏனுங்க, அந்தம்மாவை எங்க பார்த்தீங்க?"

"கெழக்குச் சரிவுல இடிஞ்ச மண்டபம் ஒண்ணு இருக்குதுங்க. அங்க நின்னுது. பாத தப்பி வந்துருச்சாட்ட இருக்குதுன்னு நானே வழி சொல்லி உட்டேனுங்க. இந்தத் தடத்தப் புடிச்சு நேரா மேல போனா வாசல் வந்துரும்னு கையக் காட்டினேன். எப்பவோ வந்து சேந்துருக்கோணுமே!"

சேர்த்து நினைத்துப் பார்த்தேன். வழி சொல்லப்பட்டவர் வாசலுக்கு வந்திருக்க வேண்டும். நான் பீட்டரை உள்ளே நகர்த்திய நேரத்தில் வந்து, எங்களைக் காணாமல், நாங்கள் மேலே போய்விட்டதாக எண்ணிச் சுனைப் பக்கம் ஏறியிருக்கலாம். தொப்பிக் கணக்கும் அதோடு பொருந்தியது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியதால் எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் இந்தத் தொழிலுக்கு வருமுன் சேலத்தில் ஒரு நாளிதழில் இருந்தேன். அங்கே எனக்கு மேலிருந்த துணையாசிரியர் ஒரு விஷயத்தில் மட்டும் இரக்கமில்லாதவர். 'அதிகாரி மறுத்தார்' என்று எழுதிக் கொடுத்தால் தாளைத் திருப்பித் தள்ளுவார். "என்ன சொல்லி மறுத்தார்? வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன? அதைக் கேட்டு வா, மறுத்தாரா இல்லையா என்று நான் சொல்கிறேன்." மாரப்பன் எனக்குச் சொன்னது நடந்ததன் சுருக்கம். எனக்கு வேண்டியது வார்த்தை.

"வழி சொன்னப்புறம், கெளம்பறப்ப கடைசியா அந்தம்மாகிட்ட என்னங்க சொன்னீங்க? அதே வார்த்தையில சொல்லுங்க."

"கெளம்பறப்ப என்னத்தச் சொல்றது? ஆட்ட முடுக்கிக்கிட்டு, 'அப்ப வாரேன் சாமி'ன்னு சொல்லிப்போட்டு எறங்கிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'சரிங்க'ன்னுது. சிரிச்சுது. அங்கயே ஒரு கல்லு மேல உக்காந்துக்கிச்சு. களைச்சுப் போச்சாட்ட இருக்குது, சித்த நேரம் உக்காந்துட்டுப் போவட்டும்னு நெனச்சேனுங்க."

என் கையில் கைபேசி கனத்தது.

நம்மில் யாரும் விடைபெறும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை. சின்ன வயதில் யாராவது அப்படிச் சொன்னால் வாயில் அடி விழும். போகிறவர் 'வாரேன்' என்பார். இருப்பவர் 'போயிட்டு வாங்க' என்பார். வருகிறேன் என்று சொல்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. ஆனால் ஹெலனுக்கு அது வினைச்சொல். சேலத்திலிருந்து கிளம்பியது முதல் அவர் அந்தச் சொல்லை ராசுவிடம்தான் கேட்டிருக்கிறார். கூப்பிட்டால் ராசு "வாரேனுங்க" என்பார். உடனே வந்து நிற்பார். தங்கும் விடுதிகளில் விடைபெறும்போது எல்லோரும் ஆங்கிலத்தில் 'பை' சொல்லிவிடுகிறார்கள். ஆக அவர் அறிந்தவரையில் 'வாரேன்' என்று சொன்ன யாரும் வராமல் இருந்ததில்லை.

ஹெலன் எங்கேயும் தொலையவில்லை. மாரப்பன் வருவார் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

பீட்டரிடம் சொன்னேன். ஒரு சொல்லை நம்பி நான் திசை மாறுவது அவருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "அவள் முட்டாள் அல்ல. வெயிலில் ஏன் உட்கார்ந்திருக்கப்போகிறாள்? தண்ணீரைப் பாருங்கள்" என்று கத்தினார். என் கணிப்பு தவறி, ஹெலன் சுனையில் இருந்தால், நான் எதிர்த் திசையில் போயிருப்பேன். அதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. இருந்த ஆட்களைப் பிரித்தேன். சேகருடன் வந்தவரைச் சுனைக்கு அனுப்பினேன். ஓடக்கூடியவர், நீச்சல் தெரியும் என்றார். சேகரை என்னுடன் அழைத்துக்கொண்டேன், தூக்க நேர்ந்தால் ஒரு வலுவான ஆள் வேண்டும். பீட்டரை அவர் இருந்த இடத்திலேயே விட்டேன். நடக்க முடியாதவரைத் தேடலில் சேர்த்தால், தேட வேண்டியவர்கள் இருவராகிவிடுவார்கள். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "ஒருவரிடம் சரி என்று சொல்லிவிட்டால் ஹெலன் அந்தச் சொல்லைக் காப்பாற்றுவாரா?" அவர் உட்கார்ந்தார்.

கைபேசியில் மாரப்பன் இன்னும் காத்திருந்தார். அந்த மண்டபத்துக்குக் கீழிருந்து வரும் குறுக்குத்தடம் அவருக்குத்தான் தெரியும். தண்ணீரோடு ஏறி வர முடியுமா என்று கேட்டேன்.

"இதோ வாரேனுங்க" என்றார்.

அந்த நிலையிலும் கேட்டுவிட்டேன். "இது எந்த வாரேனுங்க?"

"அட, ஏறி வாரேன் அம்முணி!"

ஆட்டுத்தடம் தடம் என்று சொல்லத்தக்கதாக இல்லை. வேலமுள் சேலையைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. சேகர் முன்னால் போய்க் கிளைகளைக் காலால் மிதித்து வழி செய்தார். இரண்டு இடங்களில் தடம் கவராகப் பிரிந்தது. இரண்டிலும் ஆட்டுப் புழுக்கை புதிதாகக் கிடந்த பக்கம் போனோம். பாறையிலிருந்து எழுந்த சூடு கண்ணில் நெளிந்தது. சேகர் பேச்சை நிறுத்திவிட்டார். நானும் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். பதில் வராத ஒவ்வொரு முறையும் சுனைக்கே போயிருக்கலாமோ என்று தோன்றியது. அந்த நினைப்பை வைத்துக்கொண்டு நடக்க முடியாது.

மண்டபம் என்பது நான்கு தூண்களும் பாதிக் கூரையும். அதன் நிழல் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. நிழலுக்கு வெளியே, தடத்தை நேராகப் பார்க்கும்படி இருந்த ஒரு கல்மேல் ஹெலன் உட்கார்ந்திருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. காலையில் அவர் உட்கார்ந்தபோது அந்தக் கல் நிழலில்தான் இருந்திருக்கும். நிழல் நகர்ந்தபோது அவர் நகரவில்லை. நகர்ந்திருந்தால் கீழிருந்து வருகிறவர் கண்ணில் படாமல் போய்விடலாம். தலையில் தொப்பி இருந்தது. முகம் செங்கல் நிறம். தோலைத் தொட்டேன், வியர்வையே இல்லை. காய்ந்த சூடு.

வியர்த்து, தள்ளாடி, வாந்தி வருகிறது என்று ஒருவர் சொன்னால் பயப்படுங்கள். வியர்ப்பது நின்று, பேச்சு குழறினால், பயப்பட நேரமில்லை.

"ஹெலன்" என்றேன். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. உதடு ஒட்டியிருந்தது. தமிழில் பேசினார், மெதுவாக, குழறலாக.

"வாரேன்னு சொன்னார்."

நானும் சேகரும் அவரை நிழலுக்குத் தூக்கினோம். நனைக்க வேறு துணி இல்லாததால் சேகர் தன் சட்டையைக் கழற்றினார். இருந்த தண்ணீரை அதில் நனைத்துக் கழுத்திலும் கையிடுக்கிலும் வைத்தோம். வாயில் ஊற்ற வேண்டாம் என்று சேகரின் கையைத் தடுத்தேன். தன்னினைவு தடுமாறுகிறவருக்கு ஊற்றினால் நெஞ்சுக்குள் போய்விடும். உதட்டை மட்டும் நனைத்தோம். தண்ணீர் தீர்ந்தது. என் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தேன். அவர் கண் என்மேல் நிற்கவில்லை. தூணைத் தாண்டித் தடத்தையே பார்த்தது. பிறகு இமை சரியத் தொடங்கியது.

"அம்மா, தூங்காதீங்க" என்றார் சேகர். "அக்கா, தூங்குதுங்க. தூங்கக் கூடாதுங்கல்ல?"

"பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க."

"என்னங்க பேசறது?"

"எதையாவது. இந்தியில வேண்டாம்."

கீழே கல் உருளும் சத்தம் கேட்டது. புதருக்குள்ளிருந்து முதலில் தழை பறிக்கும் தொரட்டுக்கோல் ஒன்று தெரிந்தது; பிறகு தலைப்பாகை; பிறகு மூச்சிரைக்க மாரப்பன். அறுபது வயது இருக்கும். முதுகில், துண்டில் கட்டிய பெரிய பாட்டில்கள். ராசு வண்டியிலிருந்த குளிர்ந்த தண்ணீர் முழுவதையும் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஹெலனின் இமை மேலே போனது. பார்வை அவர்மேல் வந்து நின்றது.

"வந்துட்டார்" என்றார்.

மாரப்பன் அங்கேயே நின்றுவிட்டார். என்ன நடந்திருக்கிறது என்று நான் ஏற்கெனவே கைபேசியில் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. தலைப்பாகையை அவிழ்த்துத் தண்ணீரில் முக்கி, ஹெலனைக் காலிலிருந்து மேலாகத் துடைக்க ஆரம்பித்தார்.

சுனைப் பக்கம் போனவரும் வந்து சேர்ந்தார். சேகர் தொப்பி என்று பார்த்தது, அங்கே முள்ளில் மாட்டியிருந்த வெள்ளைச் சிமெண்டுச் சாக்கு. மூவரும் மாரப்பனின் துண்டுகளையும் சேகரின் வேட்டியையும் ஏணை போலக் கட்டி ஹெலனைத் தூக்கினார்கள். அவர்களில் இருவர் ரிக் வண்டியில் இரும்புக் குழாய்களைத் தோளில் ஏற்றி இறக்குகிறவர்கள். ஒரே சீராக இறங்கினார்கள். சேகர் கால்சட்டையோடு முன்னால் நடந்தார். "எங்க ஊட்ல இப்ப என்னையப் பாத்தா சேத்திக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். ராசு வேறு ஆட்களோடு ஏறிப் போய்ப் பீட்டரை அழைத்துவந்தார்.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஹெலனை ஏற்றியபோது கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. மாரப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராசு மாரப்பனின் காதருகே போனார்.

"பெரியவரே, இந்த ஒரு தடவ மட்டும் 'போறேன்'னு சொல்லிப்போடுங்க. இல்லீன்னா அந்தம்மா ஆசுபத்திரியில கதவையே பாத்துட்டுக் கெடக்கும்."

மாரப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சீக்காளி முன்னாடி நின்னு போறேன்னு சொல்லச் சொல்றயே, உன்ற நாக்குல நல்லதே வராதா?"

"அப்ப ஒண்ணும் சொல்லாம போயிருங்க."

"சொல்லாமப் போனா அது மனுசத்தனமா?"

கொஞ்ச நேரம் தவித்தார். ஆம்புலன்ஸின் கதவைச் சாத்தப் போனார்கள். மாரப்பன் எட்டிப் பார்த்து, "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டார். ராசு தலையில் அடித்துக்கொண்டார். சேகர் சிரிக்காமல் சொன்னார்: "சொல்லிட்டீங்க. இனி நீங்க போயித்தான் ஆவோணும்."

சேலத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். உடம்புச் சூடு தணிந்தாலும் சிறுநீரகம் தாங்குமா என்பது மறுநாள்தான் தெரியும் என்றார்கள். பீட்டர் கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி மனைவியின் படுக்கைக்கு அருகில் இருந்தார். என்னிடம் எதற்கும் விளக்கம் கேட்கவில்லை. மறுநாள் காலை மருத்துவர் வந்து ஆபத்து நீங்கிவிட்டது என்று சொன்னபோது மட்டும், என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

ஹெலன் எங்களுக்கு நடந்ததைச் சொன்னார். மாரப்பன் வேகமாகப் பேசியதில் அவருக்குப் பிடிபட்டவை மூன்று நான்கு சொற்கள். கை காட்டியது ஆடுகளை ஓட்டிப் போகும் திசை என்று நினைத்திருக்கிறார். தன்னைச் 'சாமி' என்று அழைத்தது விளங்கவில்லை, ஆனால் மரியாதை என்று தெரிந்தது. ஆடுகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து தன்னை அழைத்துப் போவார் என்று முடிவு செய்துகொண்டார். வழி தெரியாத இடத்தில், வழி தெரிந்தவர் விட்டுப்போன இடத்திலேயே இரு. எல்லாப் பயணக் கையேடுகளும் சொல்வது அதைத்தான். அவர் சரியாகத்தான் நடந்துகொண்டார்.

அதன் பிறகு என் பயணிகளுக்கு முதல் நாள் சொல்லும் குறிப்புகளில் ஒன்றைச் சேர்த்தேன். தண்ணீர், தொப்பி, மாத்திரை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக: 'இங்கே ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்து வாரேன் என்றால், அவர் நடக்கும் திசையைப் பாருங்கள். உங்களை விட்டு நடந்தால் அவர் விடைபெறுகிறார்.' இதை நீங்களும் சொல்லுங்கள். இதுபோல் இன்னும் எத்தனையோ இருக்கும். வேண்டாம் என்பதற்கு 'இருக்கட்டும்' என்கிறோம். முடியாது என்பதற்கு 'பாக்கலாம்' என்கிறோம். பயணி எதையாவது தவறாகப் புரிந்துகொண்டால் அவரைத் திருத்துவதற்கு முன், அவர் காதில் விழுந்த வார்த்தை என்ன என்று கேளுங்கள். காணாமல் போனவரைத் தேடும்போதும் அதே கேள்விதான்.

ஆபத்து நீங்கியதாக மருத்துவர் சொன்ன அன்று மதியம், பார்வையாளர் நேரத்தில், மாரப்பன் வந்தார். வெளுத்த வேட்டி, சட்டை. சங்ககிரியிலிருந்து பேருந்தில் வந்து, கேட்டுக் கேட்டு மருத்துவமனையைக் கண்டுபிடித்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் நுங்கு.

"ஆடுங்க?" என்று கேட்டேன்.

"பட்டியில அடைச்சுப் போட்டு வந்தனுங்க. கத்திட்டுக் கெடக்கும்." ஹெலனைப் பார்த்தார். "சொல்லிப்போட்டனே, என்ன பண்றது."

செவிலியர் நுங்கைப் பார்த்து முணுமுணுத்தார். கொஞ்சம்தான் கொடுக்கலாம் என்றார். மாரப்பன் நகத்தால் தோலை உரித்து ஒன்றை நீட்டினார். ஹெலன் வாங்கிச் சாப்பிட்டார். இருவருக்கும் பேச அதிகம் இல்லை. எத்தனை ஆடு என்று ஹெலன் கேட்டார், அவர் சொன்ன எண் ஹெலனுக்குப் புரியவில்லை, விரலைக் காட்டினார், விரல் போதவில்லை. பீட்டர் சிரித்தார்.

பேருந்து நேரம் வந்ததும் மாரப்பன் எழுந்தார். கதவு வரை போனார். திரும்பி நின்று, "அப்ப..." என்று இழுத்தார். மேலே வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க" என்றார் ஹெலன்.

மாரப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "வாரேன் சாமி, வாரேன்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஹெலன் கதவைப் பார்க்கவில்லை. ஊசி ஏற்றியிருந்த கையை அசைக்காமல், மற்றக் கையால் துணிப்பையைக் காட்டி, இன்னொரு நுங்கு உரித்துத் தரும்படி என்னிடம் கேட்டார்.